இரண்டாவது ரூட்டர்: யாரைக் காக்கும், யாரைக் காட்டிக்கொடுக்கும்?

ஜேர்மனியில் வாழும் எம்மவர் வீடுகளில் இன்று இரண்டு ரூட்டர்கள் இருப்பது புதுமையன்று. முதலாவது, இணைய நிறுவனம் தந்த பெட்டி. மோடமும் ரூட்டரும் அதற்குள் ஒன்றாகவே அமைந்திருக்கும்; வீட்டுத் தொலைபேசியும் அதிலேயே செருகப்பட்டிருக்கும். இரண்டாவது, கடையில் மலிவாகக் கிடைத்தது, அல்லது பழைய வீட்டிலிருந்து கூடவே வந்தது. மேல்மாடியில் அம்மாவின் அறைக்கு அலை எட்டவில்லை என்பதற்காக ஒருவர் அதனைப் பூட்டுகிறார். ஓர் அறையை வாடகைக்கு விட்ட இன்னொருவர், வந்திருக்கும் தம்பிக்குத் தனி இணைப்பாக இருக்கட்டும் என்று பூட்டுகிறார். வெளிப்பார்வைக்கு இரண்டும் ஒரே வேலைபோலத் தோன்றும். ஆனால் முதலாமவருக்கு வேண்டியது பாலம். இரண்டாமவருக்கு வேண்டியது வேலி. பாலமா வேலியா என்பதும், வேலியாயின் அது யாரை மறைக்கும் யாரைத் திறந்துவிடும் என்பதும், ஒரு கேபிளின் முனையை எந்தத் துளையில் செருகுகிறோம் என்பதில் தங்கியிருக்கின்றன. வேலி போட்டுவிட்டோம் என்ற நிம்மதியோடு வேலியைத் தலைகீழாகப் போட்டு வைத்திருக்கும் வீடுகள் நம்மிடையே உண்டு. அவ்வீட்டாரை நோக்கியே இதனை எழுதுகிறேன்.

முதலில் அந்தப் பெட்டியைத் திறந்து பார்ப்போம். கையால் அல்ல, மனத்தால். தெருவிலிருந்து வரும் கம்பியின் மொழியை வீட்டுக்குள் இருக்கும் கருவிகளின் மொழிக்கு மாற்றுவது மோடம். வீட்டிலுள்ள பல கருவிகளுக்கும் வெளியுலகுக்கும் இடையில் நின்று, வருவதையும் போவதையும் பிரித்து அனுப்புவது ரூட்டர். கேபிள் செருகும் துளைகளின் தொகுதி ஒன்றும், கம்பியில்லா அலையைப் பரப்பும் பகுதி ஒன்றும் அதே பெட்டிக்குள் உண்டு. இந்த அலையை எங்கள் பிள்ளைகள் ஜேர்மன் வழக்கில் 'வேலான்' என்பர். ஊரில் உள்ளவர்கள் 'வைபை' என்பர். பொருள் ஒன்றுதான். பெட்டியின் பின்புறத்தில் 'லான்' என்று எழுதிய துளைகள் பெரும்பாலும் நான்கு இருக்கும். தனி ரூட்டர்களில் இவற்றோடு, பெரும்பாலும் வேறு நிறத்தில், 'வான்' என்று எழுதிய துளை ஒன்றும் இருக்கும். எங்கள் வானத்துக்கும் இந்த வானுக்கும் உறவில்லை என்றாலும், வெளியைப் பார்த்த வாசல் இதுவே என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம். லான் துளைகள் வீட்டுக்குள் திறக்கும் கதவுகள்.

இணையத்தில் உள்ள ஒவ்வொரு கருவிக்கும் ஓர் எண் முகவரி வேண்டும். நெடுங்காலம் வழக்கிலிருக்கும் நான்காம் பதிப்பு முறையில் ஆக மொத்தம் 429 கோடியே 49 இலட்சத்துச் சொச்சம் முகவரிகளே சாத்தியம். அவை போதாமற் போகும் என்பதை 1990களின் தொடக்கத்திலேயே அறிஞர் உணர்ந்தனர். ஒரு வீட்டுக்கு ஒரே வெளிமுகவரி, உள்ளே எத்தனை கருவிகளாயினும் தனிப்பட்ட உள்முகவரிகள், இடையில் நின்று மாற்றிக் கொடுப்பவர் ஒருவர் என்ற ஏற்பாடு 1994இல் எழுத்தில் வந்தது. உள்வீட்டுப் பாவனைக்கென்று 192.168 என்று தொடங்கும் முகவரிகளும் வேறு சிலவும் 1996 பெப்ரவரியில் ஒதுக்கப்பட்டன. உலகப் பொதுக் களஞ்சியத்திலிருந்த கடைசி முகவரித் தொகுதிகள் 2011 பெப்ரவரி 3ஆம் நாள் பங்கிடப்பட்டு முடிந்தன. இன்றைக்கும் எங்கள் வீடுகளை இந்த ஏற்பாடுதான் தாங்கி நிற்கிறது. அதன் பெயர் 'நாட்'.

இந்த ஏற்பாட்டுக்கு ஒரு பக்கவிளைவு உண்டு. எங்கள் கதையின் உயிர்நாடி அதுவே. உள்ளே இருப்பவர் கேட்டால் வெளியிலிருந்து பதில் வரும். வெளியே இருப்பவர் தாமாக உள்ளே வர முயன்றால், எந்தக் கருவிக்குப் போவது என்று ரூட்டருக்குத் தெரியாது. ஆகவே கதவு திறவாது. மாற்றிக் கொடுப்பதற்காக வந்தவர் காவற்காரராகவும் ஆகிவிட்டார்.

இப்போது முதற் பெட்டியின் லான் துளையிலிருந்து ஒரு கேபிளை எடுத்து, இரண்டாவது ரூட்டரின் வான் துளையில் செருகுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். இரண்டாவது ரூட்டருக்கு 'வெளியுலகம்' எது? இணையம் மட்டுமன்று, முதற் பெட்டியின் வீட்டு வலையும் அதற்கு வெளியுலகமே. யாழ்ப்பாணத்து வளவுகளை அறிந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். ஒழுங்கையிலிருந்து படலையைத் திறந்தால் முன்வளவு. அதன் பின்னால், வேறொரு கிடுகுவேலிக்கு அப்பால், பின்வளவு. பின்வளவுக்காரருக்கு ஒழுங்கைக்குப் போக வேறு வழியில்லை. முன்வளவின் ஊடாகத்தான் போகவேண்டும். போகும்போது முன்வளவுக் கிணறும், கொடியில் காயும் உடுப்பும், திறந்திருக்கும் குசினிக் கதவும் அவர் கண்ணிற் படும். முன்வளவில் இருப்பவருக்கோ பின்வளவு வேலிக்குப் பின்னால் நடப்பது எதுவும் தெரியாது. எங்கள் ஊரில் இந்த வழிப் பாத்தியதையை வைத்து எத்தனை வழக்குகள் நடந்தன என்பதை நான் சொல்லித்தான் தெரியவேண்டுமென்பதில்லை.

இனி வாடகை வீட்டைப் பாருங்கள். வீட்டார் வழமைபோல முதற் பெட்டியில் இருக்கின்றனர். அவர்களுடைய அச்சுப்பொறி, தொலைக்காட்சி, வாசற் கமரா, குடும்பப் படங்களைச் சேர்த்து வைத்த வட்டுப் பெட்டி எல்லாம் அதில்தான். 'எங்கள் வலைக்குள் வராமல் இருக்கட்டும்' என்று கருதி, இரண்டாவது ரூட்டரை வாடகை அறைக்குக் கொடுக்கின்றனர். வேறு பெயர், வேறு கடவுச்சொல். ஆகவே பிரிந்துவிட்டோம் என்ற எண்ணம். நடந்ததோ நேர்மாறு. வாடகைக்கு இருப்பவர் பின்வளவில் இருக்கிறார். வீட்டார் முன்வளவில் இருக்கின்றனர். அவருடைய அறைக்குள் வீட்டார் எட்டிப் பார்க்க இயலாது. அவர் நினைத்தால் வீட்டாரின் கமராவின் வாசல்வரை, அச்சுப்பொறிவரை, முதற் பெட்டியின் அமைப்புப் பக்கம்வரை நடந்து போகலாம். அந்தக் கருவிகளின் பெயர்கள் அவருடைய கைத்தொலைபேசியில் தாமாகத் தோன்றமாட்டா என்பது உண்மை. முகவரியைத் தெரிந்து தட்டினால் கதவு முன்னால் வந்து நிற்கும்.

அந்தத் தம்பியைக் களவாளி என்று சொல்வதற்காக இதை நான் எழுதவில்லை. அவரே அறியாமல் அவருடைய மடிக்கணினியில் புகுந்துவிட்ட தீநிரல் ஒன்று அக்கம்பக்கத்தைத் தடவிப் பார்ப்பதே பெரும்பாலும் நடக்கக்கூடியது. அது தடவும்போது முன்வளவு முழுவதும் திறந்து கிடக்கிறது. அகதி விண்ணப்பக் கோப்புகள், கடவுச்சீட்டுப் பிரதிகள், வங்கித் தாள்கள் ஆகியவற்றை ஒளிப்பிரதி எடுத்து இவ்வாறான வட்டுகளில் வைத்திருக்கும் குடும்பங்கள் நம்மிடம் குறைவல்ல.

இதைச் சீர்செய்ய மூன்று வழிகள் உண்டு.

ஜேர்மனியில் பரவலாக உள்ள பிரிட்ஸ் பொக்ஸ் வைத்திருப்போருக்கு மிக எளிதான வழி கைக்கருகிலேயே இருக்கிறது. அப்பெட்டி வழமையாக 192.168.178.1 என்ற முகவரியில் இருக்கும். விருந்தினர் நுழைவைத் திறந்தால், 192.168.179 என்று தொடங்கும் வேறொரு வலை உண்டாகும். விருந்தினர் இணையத்துக்குப் போகலாம்; வீட்டு வலைக்குள் எட்டிப்பார்க்க முடியாது. இது அலைக்கு மட்டும் உரியது என்று பலர் எண்ணுகின்றனர். பெரும்பாலான மாதிரிகளில் நான்காவது லான் துளையையும் விருந்தினருக்கென்று ஒதுக்க முடியும். பெட்டியின் அமைப்புப் பக்கத்தில் 'ஹைம்நெட்ஸ்' என்ற தலைப்பின் கீழ், வலையமைப்புப் பகுதியில், லான் 4 துளைக்கு விருந்தினர் நுழைவை இயக்கும் சிறு கட்டம் ஒன்று உண்டு. அதில் அடையாளமிட்டு, அந்தத் துளையிலிருந்து வாடகை அறையின் ரூட்டருடைய வான் துளைக்குக் கேபிளைக் கொண்டுபோனால் வேலை முடிந்தது. முன்வளவின் ஊடாகப் போகாமல் ஒழுங்கைக்கு ஒரு தனிப் பாதை வெட்டிக் கொடுத்தது போன்றது இது.

இதில் வாடகைக்கு இருப்பவருக்கும் ஒரு நன்மை உண்டு. அதையும் நாம் மனதிற் கொள்ளவேண்டும். அவருடைய ரூட்டருக்குப் பின்னால் எத்தனை கருவிகள் இருக்கின்றன, அவற்றின் பெயரென்ன, எது இரவு எத்தனை மணிக்கு விழித்தது என்பவை வீட்டாரின் பெட்டியிற் பதிவாகா. அங்கே ஒரேயொரு ரூட்டர் மட்டுமே தெரியும். ஊரிலுள்ள மனைவியோடு நள்ளிரவில் பேசும் ஒருவர், தன் வழக்கறிஞருக்கு மின்னஞ்சல் எழுதும் ஒருவர், இதனை வேண்டுவது நியாயமே.

விருந்தினர் துளை இல்லாத பெட்டியாயின், இடத்தை மாற்றிக்கொள்வது இரண்டாவது வழி. வாடகைக்கு இருப்பவர் முதற் பெட்டியின் அலையில் இருக்கட்டும். வீட்டார் இரண்டாவது ரூட்டருக்குப் பின்னால் போகட்டும். அச்சுப்பொறியும் வட்டும் கமராவும் கூடவே பின்வளவுக்குப் போகவேண்டும். ஒன்றை மறந்து முன்னே விட்டால் அது முன்னேதான் நிற்கும். முதற் பெட்டியின் அமைப்புப் பக்கத்துக்கு உறுதியான தனிக் கடவுச்சொல் இருப்பது இங்கே கட்டாயம். இவ்வழி பூரணமானதன்று. பின்வளவின் போக்குவரத்து முழுவதும் முன்வளவின் ஊடாகவே செல்வதால், கைதேர்ந்த ஒருவர் அங்கே வழிமறிக்க முயலலாம். இன்று பெரும்பாலான தளங்களும் செய்திச் செயலிகளும் மறைகுறியீட்டில் இயங்குவதனால் அவருக்குக் கிடைப்பது கொஞ்சமே.

மூன்றாவது வழி, ஆளுக்கொரு ரூட்டர்: முதற் பெட்டியின் இரண்டு லான் துளைகளிலிருந்து இரண்டு ரூட்டர்களுக்குக் கேபிள் போகும்; முதற் பெட்டியில் தொலைபேசியைத் தவிர வேறெதுவும் இராது. செலவு கூடிய வழி. ஆனால் ஒரே வீட்டில் இரண்டு குடும்பங்கள் நிரந்தரமாக வாழ்வதாயின் இதனையே நான் விரும்புவேன்.

எந்த வழியைத் தெரிந்தாலும், பொறுப்பை வேலி பிரிக்காது. வெளியுலகுக்கு வீடு முழுவதும் ஒரே முகவரி. அந்த முகவரி ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டவருடையது. இந்த நாட்டில் இதற்கு ஒரு வரலாறு உண்டு. வீட்டுக்காரர் விடுமுறையில் இருந்தபோது அவருடைய கம்பியில்லா இணைப்பின் வழியாக ஒரு பாடல் சட்டவிரோதமாகப் பகிரப்பட்ட வழக்கில், 2010 மே 12ஆம் நாள் சமஷ்டி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இணைப்பைத் தக்க கடவுச்சொல்லாற் காக்காதவர் நட்டஈடு கொடுக்கத் தேவையில்லை. எனினும் தடுப்புக் கோரிக்கைக்கு உள்ளாவார் என்பது அதன் சாரம். அக்காலத்தில் வழக்கறிஞர் கடிதங்கள் கண்டு நடுங்கிய குடும்பங்கள் பல. 2017இல் சட்டம் திருத்தப்பட்டு இப்பொறுப்புப் பெருமளவு தளர்ந்தது. இருப்பினும் முதற் கடிதம் ஒப்பந்தக்காரரின் தபாற்பெட்டிக்கே வரும். வீட்டில் வேறு யாருக்கு இணைப்பு இருந்தது என்பதை அவர்தான் விளக்கவேண்டும். அறையை வாடகைக்கு விடும்போது இணையமும் அதில் அடங்குமா, யார் பாவிப்பார் என்பதை ஒரு தாளில் எழுதி இருவரும் ஒப்பமிட்டு வைத்துக்கொள்வது, அந்நாளில் இருவருக்கும் உதவும்.

இனிப் பாலத்துக்கு வருவோம். அம்மாவின் அறைக்கு அலை எட்டவேண்டும், அவ்வளவே தேவை. இங்கே வேலி கூடாது. அம்மாவின் கைத்தொலைபேசி கீழே இருக்கும்போதும் மேலே போனபின்பும் ஒரே வலையில் இருந்தால்தான், படியேறும்போது ஊருடன் பேசும் அழைப்பு அறுந்துபோகாமல் இருக்க வாய்ப்புண்டு. ஆகவே இரண்டாவது ரூட்டர் தன் ரூட்டர் வேலையை விட்டுவிட்டு, வெறும் அலைபரப்பியாக நிற்கவேண்டும். புதிய ரூட்டர்கள் பலவற்றில் இதற்கென்று ஒரு தெரிவு இருக்கிறது. அதை அழுத்தி, கைநூல் சொல்லும் துளையிற் கேபிளைச் செருகினாற் போதும்.

பழைய ரூட்டராயின் கையாற் செய்யவேண்டும். இங்கே ஒழுங்குமுறை முக்கியம். வீட்டு வலையோடு தொடுக்காமல், ஒரு மடிக்கணினியை மட்டும் கேபிளால் அதனோடு இணைத்து, முதலில் அதன் உள்முகவரியை மாற்றுக. முதற் பெட்டி 192.168.178.1 ஆயின் இதற்கு 192.168.178.2 கொடுக்கலாம். பிரிட்ஸ் பொக்ஸ் வழமையாக 20 முதற்கொண்டே கருவிகளுக்கு முகவரி பங்கிடுவதால் 2 இடையூறின்றி நிற்கும். அடுத்து, முகவரி பங்கிடும் வேலையை, அதாவது 'டிஎச்சிபி' என்று எழுதியிருப்பதை, நிறுத்துக. அதன்பின்னரே முதற் பெட்டியின் லான் துளையிலிருந்து இதன் லான் துளைக்குக் கேபிள். வான் துளை வெறுமையாகவே இருக்கட்டும். அலையின் பெயரையும் கடவுச்சொல்லையும் முதற் பெட்டியில் உள்ளவாறே இங்கும் கொடுத்தால், கருவிகள் தாமாகவே கிட்டிய அலையைப் பிடித்துக்கொள்ளும்.

முகவரி பங்கிடுவதை நிறுத்த மறந்தால் என்ன ஆகும்? ஒரு வகுப்பறையில் இரண்டு ஆசிரியர் ஒரே நேரத்தில் இடாப்பு எடுத்ததுபோல் ஆகும். சில கருவிகளுக்கு ஒருவரிடமிருந்து முகவரி. வேறு சிலவற்றுக்கு மற்றவரிடமிருந்து. காலையில் வேலை செய்த தொலைபேசி மாலையில் வேலை செய்யாது. அணைத்துப் போட்டால் மீண்டும் வேலை செய்யும். மறுநாள் வேறொன்று நிற்கும். வீட்டார் இணைய நிறுவனத்தைத் திட்டித் தீர்ப்பர். வந்துபோய் வரும் இவ்வாறான நோய்க்கு முதலில் ஐயுற வேண்டியது இதையே. இரு பெட்டிகளுக்கும் இடையே 'வேகம் கூடட்டும்' என்று இரண்டாவது கேபிள் ஒன்றையும் போட்டுவிடுவது இன்னொரு வினை. செய்தி ஒரு கேபிளாற் போய் மறு கேபிளால் திரும்பி, முடிவின்றிச் சுற்றி, வீடு முழுவதையும் முடக்கிவிடும்.

கேபிள் 100 மீற்றர்வரை தயங்காது போகும். எந்த வீட்டுக்கும் அது போதும். அலைதான் பலவீனமானது. இங்குள்ள கொங்கிறீற் தளங்களில் பதித்திருக்கும் இரும்புக் கம்பிகளும், தரைச் சூடாக்கியின் நீர்க்குழாய்களும் அலையைப் பலவீனப்படுத்துகின்றன. 5 கிகாஹேர்ட்ஸ் அலை வேகமானது, சுவரிற் களைத்துப்போவது, 2.4 கிகாஹேர்ட்ஸ் அலை மெதுவானது, சுவரைக் கடந்து கூடுதல் தூரம் செல்வது. ஆகவே அலை ஏற்கனவே செத்துப்போன அறைக்குள் வைக்கும் பெட்டிக்குக் கேபிள் கட்டாயம். கேபிள் இழுக்க வழியில்லாதவர் மின்செருகியின் வழியாக இணையம் அனுப்பும் சாதனங்களை நாடலாம்; பழைய மின்கம்பியுள்ள வீடுகளில் அவற்றின் வேகம் ஏமாற்றம் தரக்கூடும்.

ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு ரூட்டர்கள் இருந்தால் முகவரி மாற்றமும் இருமுறை நடக்கும். செய்தி படிக்க, ஊருடன் முகம் பார்த்துப் பேச, படம் பார்க்க இதனால் ஒரு குறையும் இல்லை. விளையாட்டுப் பெட்டி வைத்திருக்கும் பிள்ளைகள் மட்டும் 'இரட்டை நாட்' என்று முறைப்பாட்டோடு வருவார்கள். வெளியிலிருந்து வீட்டுக் கமராவை நேரடியாகத் திறந்து பார்ப்போருக்கும் தொல்லை உண்டு. அக்கருவியை முதற் பெட்டியில் வைப்பது ஒரு தீர்வு. முதற் பெட்டியை வெறும் மோடமாக ஆக்கிவிடுவது மற்றொன்று. ஆனால் எல்லாப் பெட்டிகளும் அதற்கு இடங்கொடா. வீட்டுத் தொலைபேசி இப்போது அந்தப் பெட்டியின் வழியாகவே பேசுகிறதாகையால், தொலைபேசி நின்றுவிடுமா என்று நிறுவனத்திடம் கேட்டறியாமல் அதிற் கைவைக்கவேண்டாம். அவசர இலக்கமான 112ஐ வீட்டுத் தொலைபேசியில் அழைக்கும் முதியவர்கள் உள்ள வீடுகளில் இது விளையாட்டல்ல. 2016 ஓகஸ்ட் 1 முதல் இந்நாட்டில் எவரும் தமக்கு விருப்பமான ரூட்டரைப் பூட்டும் உரிமை பெற்றுள்ளனர் என்பதையும், அதற்குரிய இணைப்பு விபரங்களை நிறுவனம் தரவேண்டும் என்பதையும் இங்கே குறித்துக்கொள்க.

சந்தையில் 10 யூரோவுக்குக் கிடைக்கும் பழைய ரூட்டரைப் பற்றி ஒரு வார்த்தை. முன்னைய சொந்தக்காரரின் அமைப்புகள் அதனுள் இருக்கும். ஆகவே மீளமைக்கும் வழியைக் கைநூலிற் பார்த்து, பிறந்த நிலைக்குக் கொண்டுவந்த பின்பே தொடவேண்டும். தயாரித்தவர் அதற்கு இன்னும் பாதுகாப்புத் திருத்தங்கள் வெளியிடுகிறாரா என்பதையும் பார்க்கவேண்டும். 2016 நவம்பர் இறுதியில் ரூட்டர்களைக் குறிவைத்து உலகளாவிய தாக்குதல் ஒன்று நடந்தபோது, ஜேர்மன் ரெலிகொம் வாடிக்கையாளர்களில் ஏறத்தாழ 9 இலட்சம் பேரின் இணைப்புகள் தடுமாறின. தொலைபேசியும் தொலைக்காட்சியும் அவற்றோடு நின்றன. வீட்டு மூலையிற் கிடக்கும் சிறு பெட்டிதானே என்று அலட்சியம் செய்வதற்கில்லை. திருத்தம் நின்றுபோன பெட்டியை வேலியாக நம்புவது, உக்கிய கதியாலை நம்புவதற்கு ஒப்பாகும்.

எல்லாம் பூட்டி முடிந்தபின் ஐந்து நிமிடம் செலவழித்துச் சோதித்துப் பாருங்கள். வாடகைக்கு இருப்பவரையும் கூட வைத்துக்கொண்டு, அவருடைய சம்மதத்துடன், அவருடைய கைத்தொலைபேசியில். முதலில் அதன் சிம் அட்டை வழி இணையத்தை நிறுத்திவிட்டு, அவருடைய அறை அலையில் மட்டும் இணையுங்கள். உலாவியில் வீட்டார் பெட்டியின் உள்முகவரியைத் தட்டுங்கள். பிறகு அச்சுப்பொறியின் முகவரியையும் கமராவின் முகவரியையும் தட்டுங்கள். விருந்தினர் துளை வழியாகப் போட்டிருந்தால் எதுவும் திறக்காமல் வட்டம் சுற்றி ஓயவேண்டும். வீட்டார் பின்வளவுக்குப் போயிருந்தால் முதற் பெட்டியின் பக்கம் திறந்து கடவுச்சொல் கேட்கும், அது எதிர்பார்த்ததே. அச்சுப்பொறியும் கமராவும் திறக்கக்கூடாது. அவை திறந்தால், கேபிளைப் பிடுங்கிவிட்டு மறுபடியும் முதற் பெட்டியின் பின்புறத்திலிருந்து தொடங்குங்கள்.